ட்யூப் கிட்டார் ஆம்ப்ல டோன் சரியா வரலையா? எந்தக் கோளாறுக்கு எங்க கை வைக்கணும்

வீட்லயே கட்டின ட்யூப் ஆம்ப்பை தூக்கிட்டு வர்ற பசங்க வாசப்படி ஏறும்போதே கேக்குறது இதுதான்: "அண்ணே, அந்த ஆரஞ்சு கலர் கண்டென்சர் வாங்கிப் போட்டா டோன் சரியாயிடுமா?" ஆகாது தம்பி. டோன் சரியில்லனு என்கிட்ட வந்த ஆம்ப் எதுலயும் கண்டென்சரோட பிராண்டு காரணமா இருந்து நான் பாத்ததில்ல. மதிப்பு தப்பா இருந்திருக்கு, பாட் (நாப்புக்குப் பின்னாடி இருக்குற, சுத்தினா மாறுற ரெசிஸ்டர்) வகை தப்பா இருந்திருக்கு, ஒரு டிரை சால்டர் (சரியா புடிக்காத சால்டர்), ஒரு எர்த் வயர், ஏன் ஸ்பீக்கரையே தப்பா போட்டுட்டு ஆறு மாசம் கண்டென்சர் மாத்திக்கிட்டு இருந்த ஆளும் உண்டு. ஒவ்வொருத்தருக்கும் அதையே திருப்பித் திருப்பி சொல்றதுக்கு எழுதியே வெச்சிடலாம்னு தோணுச்சு. ஒவ்வொரு அறிகுறிலயும் காசு செலவில்லாதது மொதல்ல வரும், டிரான்ஸ்ஃபார்மர் கடைசியா வரும்.

நான் மனசுல வெச்சிருக்குறது ஃபெண்டர் சேம்ப் 5எஃப்1 மாதிரி ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6 போட்டு கட்டுற 5 வாட் குட்டி ஆம்ப், அதுலயே பேஸ் ட்ரெபிள் மிட்னு மூணு நாப் சேத்து சொருகினது, அப்புறம் ஈஎல்84 ரெண்டு போட்ட 18 வாட் மார்ஷல் பாணி. நம்மாளுங்க பெரும்பாலும் இதுலதான் ஆரம்பிக்கிறாங்க.

## மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி

இதைத் தாண்டிட்டு கீழ போயிடாதீங்க. ப்ளக்கை புடுங்கினதுக்கு அப்புறமும் ஃபில்டர் கண்டென்சர்ல (பவர் சப்ளைல இருக்குற பெரிய கண்டென்சர்) 300, 400 வோல்ட் டிசி அப்படியே உக்காந்திருக்கும். 10கே 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுல ரெண்டு பக்கமும் க்ளிப் வயர் போட்டு வெச்சுக்குங்க, ஒரு முனை சேசிஸ்ல, இன்னொரு முனை ஃபில்டர் கண்டென்சரோட பிளஸ்ல, கொஞ்ச நேரம் புடிச்சிட்டு மீட்டர்ல 10 வோல்ட்டுக்கு கீழ வந்துடுச்சான்னு பாத்துட்டுதான் விரலை உள்ள விடணும். ஸ்க்ரூட்ரைவரை வெச்சு ஷார்ட் பண்ற வித்தையெல்லாம் வேணாம்.

ஓடிக்கிட்டு இருக்கும்போது அளக்கணும்னா மீட்டரோட கறுப்பு வயரை சேசிஸ்ல க்ளிப் பண்ணிட்டு ஒரே கையாலதான் அளக்கணும், இன்னொரு கை பாக்கெட்டுக்குள்ள. வீட்ல யாராவது கூட இருக்கணும். ஸ்பீக்கரை மாட்டாம ஆன் பண்ணவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும், அதுதான் மொத்த ஆம்ப்லயும் விலை ஜாஸ்தியான சாமான். இதுவரைக்கும் படிச்சதுல எதாவது புரியலன்னா தயவுசெஞ்சு திறக்காதீங்க, தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வாங்க.

## ஒப்பிட்டுப் பாக்க கொஞ்சம் நம்பர்

டோன் நாப்பும் அதோட கண்டென்சர், ரெசிஸ்டரும் சேந்த பகுதியைத்தான் டோன் ஸ்டாக்னு சொல்றது. ஏபி763ன்ற ஃபெண்டர் சர்க்யூட் வகைல ட்ரெபிள் கண்டென்சர் 250 பிகோ (பிகோஃபாரட்), பேஸ் 0.1 மைக்ரோ (மைக்ரோஃபாரட்), மிட் 0.047, நடுவுல போற ஸ்லோப் ரெசிஸ்டர் 100கே, ட்ரெபிளும் பேஸும் 250கே லாக் பாட், மிட் 10கே. மிட் நாப் இல்லாத மாடல்ல அதுக்கு பதிலா 6.8கே ரெசிஸ்டர் நிக்கும். மார்ஷல்ல ட்ரெபிள் 470 இல்லன்னா 500 பிகோ, மத்த ரெண்டும் 0.022, ஸ்லோப் 33கே (ஆரம்பகால மாடல்கள்ல 56கே), பேஸ் பாட் 1 மெக், மிட் 25கே. ஃபெண்டர்ல நடு சத்தம் பள்ளமா இறங்கும், மார்ஷல்ல அந்தப் பள்ளம் கம்மி, அதான் பேண்ட்ல வாசிக்கும்போது மார்ஷல் முன்னாடி வந்து நிக்கும்.

கண்டென்சர் மேல இருக்குற நம்பரைப் படிக்கிறதுலதான் பாதி பேர் கோட்டை விடுறாங்க. 104 போட்டிருந்தா 0.1, 473 போட்டிருந்தா 0.047, 223 போட்டிருந்தா 0.022, 251 போட்டிருந்தா 250 பிகோ. மொட்டையா 250 மட்டும் போட்டிருந்தா அது 250 பிகோவாவும் இருக்கலாம், கடைசி ஜீரோவை கோடா எடுத்தா 25 பிகோவாவும் இருக்கலாம், மீட்டர்ல போட்டுப் பாக்காம சால்டர் வைக்காதீங்க. n47 போட்டிருந்தா 470 பிகோ, 22n போட்டிருந்தா 0.022. கெபாசிட்டன்ஸ் அளக்குற மீட்டர் இன்னும் வாங்கலன்னா மொதல்ல அதை வாங்குங்க, விலை ஜாஸ்தி கண்டென்சர் அப்புறம் வாங்கிக்கலாம்.

## அறிகுறி: எல்லா நாப்பையும் ஜீரோல வெச்சா சத்தமே வரல

இது கோளாறே இல்ல. ஃபெண்டர் மாதிரி மூணு நாப் ஸ்டாக்ல ட்ரெபிள், பேஸ், மிட் மூணும் ஜீரோன்னா சிக்னல் நேரா எர்த்துக்கு போயிடும். மிட்டை மட்டும் கொஞ்சம் திறங்க, சத்தம் வந்துடும். இதுக்காக ஆம்ப்பை மொத்தமா பிரிச்சுப் போட்டவங்க இருக்காங்க, அதனாலதான் இதை மொதல்ல எழுதுறேன்.

## அறிகுறி: நாப்பை திருப்பினா ஒண்ணும் மாறல

### மூணு நாப்புமே வேலை செய்யல, சத்தம் மட்டும் வழக்கத்தைவிட ஜாஸ்தி

மிட் பாட்ல இருந்து எர்த்துக்கு போற வயர் விட்டுப்போயிருக்கும். அது விட்டுட்டா ஸ்டாக் எதையும் இறக்காது, அப்படியே மொத்த சிக்னலையும் அனுப்பிடும், சத்தம் ஏறும், நடு சத்தம் கொழுத்துக்கிட்டு வரும். பவரை ஆஃப் பண்ணி டிஸ்சார்ஜ் பண்ணிட்டு மிட் பாட்டோட எர்த் கால்ல இருந்து சேசிஸுக்கு ஓம்ஸ் பாருங்க, 0 வரணும். சில பேருக்கு அந்த சத்தமே புடிச்சுப்போய் அதுக்கு ஒரு சுவிட்ச் வெச்சுக்கறதும் உண்டு, அது தனிக்கதை.

### மூணும் வேலை செய்யல, சத்தம் வழக்கம் போலத்தான் இருக்கு

வால்யூமை இறக்கிப் பாருங்க. பவர் ட்யூப்ல சத்தம் முழுசா உடையுற அளவுக்கு வால்யூமை ஏத்தி வெச்சிட்டா முன்னாடி டோன் ஸ்டாக்ல என்ன மாத்தினாலும் பின்னாடி எல்லாம் நசுங்கி ஒரே மாதிரிதான் வரும். வால்யூம் 3ல வெச்சா வித்தியாசம் தெரிஞ்சுதுன்னா ஆம்ப் நல்லாதான் இருக்கு.

### ட்ரெபிள் மட்டும் வேலை செய்யல

நாப்போட பக்கவாட்டு ஸ்க்ரூ லூசாகி தண்டு சுத்தாம நாப் மட்டும் சுத்துதான்னு பாருங்க, சிரிக்காதீங்க, நடந்திருக்கு. அது இல்லன்னா ட்ரெபிள் கண்டென்சர்தான், ஒரு கால் சால்டர் புடிக்காம இருக்கும் இல்ல 250 பிகோவுக்கு பதிலா 25 போட்டிருப்பீங்க. சத்தம் வரும் ஆனா போர்வையைப் போத்தின மாதிரி இருக்கும், ட்ரெபிளை முழுசா ஏத்தினாலும் பளிச்சுனு ஆகாது. காலை மறுபடியும் சுட வெச்சு சால்டர் பண்ணுங்க, அப்பவும் இல்லன்னா மாத்துங்க, சில்லறைக் காசு.

### பேஸ் நாப் 0ல இருந்து 2க்குள்ளயே எல்லாத்தையும் பண்ணிட்டு அதுக்கப்புறம் சும்மா இருக்கு

லாக் பாட் (மொதல்ல மெதுவாவும் கடைசில வேகமாவும் மாறுறது) இருக்க வேண்டிய எடத்துல லீனியர் பாட் (ஒரே சீரா மாறுறது). கடைல "250கே குடுங்க"ன்னு மட்டும் கேட்டா கையில கெடைக்கிறதை எடுத்துக் குடுப்பாங்க. இப்போ வர்ற ஆசியத் தயாரிப்புல ஏ250கேன்னா லாக், பி250கேன்னா லீனியர். பழைய ஐரோப்பிய சரக்குல இதே எழுத்து அப்படியே தலைகீழ், ஏ போட்டிருந்தா லீனியர். கடைல ரொம்ப நாளா விக்காம கெடந்த பாட்டை வாங்கினா எழுத்தை நம்பாம நாப்பை நடுவுல வெச்சு நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் ஓம்ஸ் பாருங்க, ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட பாதிப்பாதி வந்தா லீனியர், ஒரு பக்கம் ரொம்ப கம்மியா வந்தா லாக். ஆனா பாட்டை தனியா வெச்சுதான் அளக்கணும், சர்க்யூட்ல இருக்கும்போது அளந்தா வர்ற நம்பருக்கு அர்த்தம் கெடையாது.

### நாப் உல்டாவா வேலை செய்யுது

ஓரக்கால் ரெண்டும் மாறியிருக்கு. மாத்திப் போடுங்க, முடிஞ்சுது.

இந்த அறிகுறிக்கு மெக்கானிக்கே தேவையில்ல.

## அறிகுறி: நாப் திருப்பும்போது கரகரன்னு சத்தம்

மொதல்ல பாட் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சு இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் சுத்துங்க. பழைய பாட்னா கரகரப்பு போயிடும். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை அடிக்காதீங்க, அது பிசுக்கு புடிச்சு தூசியை சேத்து வெச்சுக்கும்.

புது பாட், அப்பவும் கரகரன்னா அங்கதான் விஷயம் இருக்கு. ட்யூபோட முக்கியமான மூணு முனை க்ரிட், ப்ளேட், கேத்தோடு; சிக்னல் க்ரிட்ல நுழைஞ்சு வழக்கமா ப்ளேட்ல வெளிய வரும். டோன் ஸ்டாக் முன்னாடி இருக்குற ட்யூப் ப்ளேட்ல 150ல இருந்து 200 வோல்ட் வரைக்கும் டிசி நிக்குது (மார்ஷல் மாதிரி கேத்தோடு ஃபாலோவர், அதாவது கேத்தோடுல இருந்து சிக்னல் எடுக்குற ட்யூப் இருந்தா கேத்தோடுலயே அவ்ளோ நிக்கும்), அதைத் தடுத்து சிக்னலை மட்டும் விடுறதுதான் அந்த மூணு கண்டென்சரோட வேலை. ஒண்ணு லேசா ஒழுகினாலும், அதாவது டிசியைக் கொஞ்சம் விட்டாலும், பாட்ல டிசி ஏறிடும், டிசி ஏறின பாட்டைத் திருப்பினா கரகரக்கும்.

எப்படிப் பாக்கணும்னா, ஆம்ப்பை ஆன் பண்ணி சூடாக விட்டுட்டு, ட்ரெபிள் பாட்டோட மூணு காலையும் சேசிஸுக்கு டிசி வோல்ட் அளங்க. 0 வரணும், சில மில்லிவோல்ட் வந்தா பரவாயில்ல. ஒரு வோல்ட்டுக்கு மேல வந்துதுன்னா ஒழுகுது. எது ஒழுகுதுன்னு கண்டுபுடிக்க ஆஃப் பண்ணி, டிஸ்சார்ஜ் பண்ணி, ஒரு கண்டென்சரோட பாட் பக்கத்துக் காலை மட்டும் தூக்கி விடுங்க, மீட்டரை அந்தக் கால்ல க்ளிப் பண்ணிட்டு திரும்ப ஆன் பண்ணுங்க. மொதல்ல ஒரு துள்ளு துள்ளி 0 பக்கம் இறங்கிடுச்சுன்னா நல்லது, பத்து இருபது வோல்ட்ல அப்படியே நின்னுச்சுன்னா தூக்கிப் போடுங்க. ஓம்ஸ்ல அளந்து "நல்லாதான் இருக்கு"ன்னு சொல்றது இங்க செல்லாது, மீட்டருக்குள்ள இருக்குறது சின்ன பேட்டரி, 200 வோல்ட்ல மட்டும் ஒழுகுற கண்டென்சர் அதுக்கு மாட்டவே மாட்டாது.

வாங்கும்போது 400 வோல்ட்டுக்கு கம்மியா வாங்காதீங்க, 630 கெடைச்சா அதையே வாங்குங்க. ரேடியோ கிட்ல வர்ற பச்சை கலர் 100 வோல்ட் சரக்கை ஒருத்தர் ஆம்ப் முழுக்க போட்டிருந்தாரு, நாலு நாள் நல்லா பாடிட்டு அப்புறம் ஒவ்வொண்ணா ஒழுக ஆரம்பிச்சுது. ட்ரெபிளுக்கு 500 வோல்ட் சில்வர் மைக்கா நல்லது, கெடைக்கலன்னா 1 கேவி செராமிக் தாராளமா போதும். இந்த ரெண்டுக்கும் எனக்கு காதுல வித்தியாசம் தெரிஞ்சதில்ல, தெரியுதுன்னு சொல்றவங்ககிட்ட நான் சண்டைக்குப் போறதும் இல்ல.

## அறிகுறி: மொத்த சத்தமும் மந்தமா, அடங்கிப்போய் இருக்கு

மொதல்ல ஆம்ப்பை விடுங்க. கிட்டாரோட டோன் நாப் 10ல இருக்கா? கேபிள் எவ்ளோ நீளம்? சாதாரண கேபிள்ல மீட்டருக்கு 100 பிகோ அளவுல நிக்கும், 6 மீட்டர் கேபிள் போட்டா 600 பிகோ பிக்கப்புக்கு குறுக்க வந்து உக்காந்த மாதிரி, மேல் சத்தத்தை அதுவே தின்னுடும். சின்ன கேபிள் போட்டுப் பாருங்க.

அடுத்தது ஸ்பீக்கர். ஹோம் தியேட்டர்ல இருந்து கழட்டின வூஃபரை மாட்டிட்டு டோன் கண்டென்சரை மாத்திக்கிட்டே இருந்தா விடியாது. கிட்டார் ஸ்பீக்கர் 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நல்லா எம்பி 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சரிஞ்சு விழும், அந்த எம்பல்தான் நமக்குப் பழகின கிட்டார் சத்தம். வூஃபர்ல அது கெடையாது. நண்பர் யாருகிட்டயாவது கிட்டார் கேபினெட் இருந்தா பத்து நிமிஷம் கடன் வாங்கி மாட்டிப் பாருங்க, ஓம்ஸ் மட்டும் பொருந்துதான்னு பாத்துக்குங்க.

அதுக்கப்புறம்தான் உள்ள. இன்புட்ல மொத ட்யூபோட க்ரிட்டுக்குப் போற 68கே ரெசிஸ்டரைப் பாருங்க: நீலம், சாம்பல், ஆரஞ்சு. மூணாவது கோடு மஞ்சளா இருந்தா அது 680கே. மங்கின வெளிச்சத்துல சால்டர் பண்ணினா ஆரஞ்சும் மஞ்சளும் ஒண்ணாத்தான் தெரியும். 12ஏஎக்ஸ்7 ஓடும்போது க்ரிட்ல நூத்துச் சொச்சம் பிகோ இருக்குற மாதிரி நடந்துக்கும், 68கேயோட அது சேந்தா 20 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துக்கு மேல இருக்குறதைத்தான் வெட்டும், யாருக்கும் தெரியாது. 680கேயோட சேந்தா 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலயே வெட்டிடும். போர்வைன்னா போர்வை, கம்பளிப் போர்வை.

வால்யூம் கம்மியா இருக்கும்போது மட்டும் மந்தம், ஏத்தினா சரியாயிடுதுன்னா வால்யூம் பாட்ல மேல் காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்க 120 பிகோ போடுங்க, ப்ரைட் கண்டென்சர்னு சொல்றது அதைத்தான். ரொம்ப பளிச்சுனு ஆச்சுன்னா 47 பிகோவுக்கு இறக்குங்க.

மந்தம்னு சொல்லிட்டு வர்றதுல பல நேரம் உண்மையான பிரச்சனை ட்ரெபிள் கம்மி இல்ல, பேஸ் ஜாஸ்தி. இங்க எல்லாரும் பண்றது கப்ளிங் கண்டென்சரை (ஒரு ட்யூப்ல இருந்து அடுத்த ட்யூபுக்கு சிக்னலை மட்டும் விடுறது) 0.1ல இருந்து 0.022க்கு மாத்துறது. அடுத்த ட்யூபுக்கு 1 மெக் க்ரிட் ரெசிஸ்டர் இருந்தா 0.022 வெட்டுறது 7 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குறதைத்தான், கிட்டாரோட அடி ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ், அப்போ என்னத்தை மாத்தினீங்க? உண்மையிலேயே பேஸ் குறையணும்னா 1 மெக்குக்கு 0.0022 போடுங்க, 72 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், அப்போதான் காதுக்குத் தெரியும். இல்லன்னா மொத ட்யூப் கேத்தோடுல இருக்குற 25 மைக்ரோவை எடுத்துட்டு 1 மைக்ரோ இல்ல 0.68 போட்டுப் பாருங்க, என் வோட்டு இதுக்குத்தான், ஒரே ஒரு சாமான், பிடிக்கலன்னா அஞ்சு நிமிஷத்துல பழையபடி ஆக்கிடலாம்.

இவ்ளோவும் பாத்தாச்சு அப்பவும் மந்தம்தான்னா மொத ட்யூப் ப்ளேட் வோல்ட் பாருங்க. 100கே ப்ளேட் ரெசிஸ்டர், 1.5கே கேத்தோடு இருந்தா ப்ளேட் சாதாரணமா 150 முதல் 200 வரைக்கும், கேத்தோடு 1 முதல் 1.5 வோல்ட் வரைக்கும் இருக்கும். ரொம்ப விலகி இருந்தா ட்யூபை மாத்துங்க, மாத்தியும் அப்படியேன்னா ப்ளேட் ரெசிஸ்டர். அதுவும் சரின்னா ஆஸில்லோஸ்கோப் இருக்குற ஆள்கிட்ட போங்க.

## அறிகுறி: கீச்சுனு இருக்கு, பேஸே இல்ல

### ஸ்பீக்கர் ரெண்டு இருந்தா

ஒண்ணு பிளஸ் மைனஸ் மாறியிருக்கும், ஒண்ணு முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்கும், பேஸ் காத்துலயே அடிச்சுக்கிட்டு காணாமப் போயிடும். ஆம்ப்ல இருந்து கழட்டிட்டு 1.5 வோல்ட் செல்லை ஒவ்வொண்ணுக்கும் தொட்டுப் பாருங்க, பிளஸ்ஸுக்கு பிளஸ் வெச்சா ரெண்டு கோனும் வெளிய வரணும்.

### ஒரே ஸ்பீக்கர்தான்

ஸ்லோப் ரெசிஸ்டரைப் பாருங்க. அது அறுந்தாலோ சால்டர் விட்டாலோ பேஸ் கண்டென்சருக்கும் மிட் கண்டென்சருக்கும் எதுவும் போகாது, ட்ரெபிள் மட்டும் கொசு மாதிரி பாடும், பேஸ் நாப் செத்துக் கெடக்கும். அது நல்லா இருந்தா பேஸ் கண்டென்சர்ல 104க்கு பதிலா 103 போட்டிருக்கீங்களான்னு பாருங்க. அதுவும் சரின்னா கேத்தோடுல இருக்குற எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர், பழைய ரேடியோல இருந்து கழட்டினதுன்னா காஞ்சு போயிருக்கும், பழைய எலக்ட்ரோலிட்டிக்கை திரும்பப் போடுறதுல மிச்சமாகுறது ஒண்ணுமில்ல. அதே ரேடியோல இருந்து வந்த ஈஎல்84ஐ மட்டும் தாராளமா போடலாம்.

### எல்லாம் சரி, ஆனா பேஸ் அடிச்சா மெலிஞ்சு உடையுது

இது டிரான்ஸ்ஃபார்மர் கேஸா இருக்கலாம், கொஞ்சம் நீளமா சொல்றேன். சிங்கிள் எண்டட் ஆம்ப்ல (சேம்ப் மாதிரி ஒரே பவர் ட்யூப்) அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியா எப்பவும் டிசி ஓடிக்கிட்டே இருக்கும். அதனால கோர்ல ஒரு இடைவெளி விடணும், E வடிவத் தகடு எல்லாம் ஒரு பக்கம், I வடிவத் தகடு எல்லாம் ஒரு பக்கம், நடுவுல ஒரு காகிதம். நம்ம ஊர் வைண்டிங் கடைல பம்ப் மோட்டார், ஸ்டெபிலைசர் சுத்தறவங்க கை ரொம்ப சுத்தம், கம்பி எண்ணிக்கை ஒண்ணு தப்பாது, ஆனா பவர் டிரான்ஸ்ஃபார்மர் பழக்கத்துல தகட்டை மாத்தி மாத்தி சொருகிடுவாங்க. இடைவெளி இல்லன்னா கோர் அந்த டிசிலயே நெறஞ்சுடும், பேஸுக்கு எடமே இருக்காது. கழட்டிப் பாத்தா ஓரத்துலயே தெரியும், தகடு விட்டு விட்டு கோத்திருந்தா இடைவெளி இல்லன்னு அர்த்தம். வார்னிஷ் போட்டு இறுகலன்னா அதே டிரான்ஸ்ஃபார்மரையே பிரிச்சு சரியா அடுக்கிடலாம், கடைக்காரர்கிட்ட "ஒரே பக்கமா அடுக்குங்க, நடுவுல பேப்பர் வைங்க"ன்னு சொன்னா போதும். நீங்களே பிரிக்காதீங்க, கம்பி அறுந்தா மொத்தமும் போச்சு.

## அறிகுறி: பேஸ் நோட்டு அடிச்சா பர்ர்ர்னு கிழியுது

பேஸை இறக்குங்க. நெஜமாத்தான் சொல்றேன், குட்டி ஆம்ப்ல பேஸை 8ல வெச்சுட்டு வால்யூமையும் 8ல வெச்சா அது கிழியத்தான் செய்யும், எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் பாவம் என்ன பண்ணும்.

இறக்கியும் கிழியுதுன்னா, குறிப்பா ஓங்கி அடிச்சா ஒரு நொடி சத்தம் அமுங்கிட்டு மெதுவா திரும்பி வருதுன்னா, பவர் ட்யூபுக்கு முன்னாடி இருக்குற கப்ளிங் கண்டென்சர் பெருசா இருக்கும். 0.1 இருந்தா 0.022 போடுங்க, இங்க இது உண்மையிலேயே வேலை செய்யும், ஏன்னா பவர் ட்யூபோட க்ரிட் ரெசிஸ்டர் 220கே மாதிரி சின்னது, வெட்டுறது 33 ஹெர்ட்ஸுக்கு வந்துடும், கண்டென்சரும் சீக்கிரம் காலியாயிடும்.

மதிப்பு சரியா இருந்தா அதே கண்டென்சர் ஒழுகுதான்னு பாருங்க. பவர் ட்யூப் க்ரிட்ல சேசிஸுக்கு டிசி அளங்க, கேத்தோடு பயாஸ் ஆம்ப்ல (நாம பேசுற குட்டி ஆம்ப் மாதிரி, கேத்தோடு ரெசிஸ்டரே ட்யூபோட ஓட்டத்தைக் கட்டுப்படுத்துறது) 0 வரணும். இங்க சின்ன ஒழுக்கே பெரிய ஆபத்து. முன்னாடி 200 வோல்ட், கண்டென்சர் ஒழுக்கு 20 மெக் ஓம்ஸ்னு வெச்சுக்குங்க, 10 மைக்ரோ ஆம்ப் 220கே வழியா ஓடினாலே க்ரிட்ல 2.2 வோல்ட் பிளஸ் ஏறிடும். ஈஎல்84க்கு மொத்த பயாஸே (க்ரிட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவுல இருக்குற வோல்ட்) 7 வோல்ட் பக்கம்தான், அதுல 2 போச்சுன்னா ட்யூப் தகதகன்னு எரிய ஆரம்பிக்கும்.

ஓட்டம் எவ்ளோன்னு கணக்கு போட, 6வி6ல கேத்தோடு ரெசிஸ்டர் 470 ஓம்ஸ், அது மேல 20 வோல்ட் இருந்தா 42 மில்லிஆம்ப். ப்ளேட் 320 வோல்ட்டுன்னா கேத்தோடு 20ஐ கழிச்சு 300, பெருக்கினா 12.6 வாட். 6வி6ஜிடிக்கு பழைய டேட்டா ஷீட்ல எல்லை 12 வாட், பின்னாடி வந்ததுல 14, அதனால இது ஓரத்துல நிக்குது ஆனா ஓடும். 16, 17ன்னு வந்தா ஓடக்கூடாது.

ட்யூபுக்குள்ள ப்ளேட் சிவப்பா ஒளிர்ந்தா (நடுவுல தெரியுற ஹீட்டர் வெளிச்சம் இல்ல, வெளி உலோகத் தகடே சிவக்கிறது) அந்த நொடியே ஆஃப் பண்ணுங்க. கண்டென்சர் மாத்தி, ட்யூப் மாத்தி, அப்பவும் சிவக்குதுன்னா அதோட நிறுத்திக்கிட்டு மெக்கானிக்கைப் பாருங்க. இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பாக்கலாமேன்னு நெனைக்கும்போதுதான் டிரான்ஸ்ஃபார்மர் போகும்.

## அறிகுறி: ட்ரெபிள் ஏத்தினா ஊய்ங்னு ஊளை

பென்சிலோட ரப்பர் முனையால மொத ட்யூபை லேசா தட்டுங்க. ஸ்பீக்கர்ல டிங் டிங்னு மணி மாதிரி கேட்டா ட்யூப் மைக்ரோஃபோனிக் (அதிர்வையே சிக்னலா மாத்துது), ரெண்டாவது எடத்துக்கு மாத்திப் போடுங்க இல்ல வேற ட்யூப் போடுங்க.

புதுசா கட்டி மொத தடவை ஆன் பண்ணும்போதே, நாப் எதையும் தொடாமலேயே கத்துதுன்னா வேற காரணம். 5எஃப்1ல ஸ்பீக்கர்ல இருந்து 22கே வழியா ஃபீட்பேக் வயர் ஒண்ணு திரும்பி வரும். டிரான்ஸ்ஃபார்மர் வயர் திசை மாறிட்டா குறைக்க வேண்டிய சத்தத்தை அது கூட்டிக்கிட்டே போகும். ஆஃப் பண்ணிட்டு ஸ்பீக்கர் பக்கத்து ரெண்டு வயரையும் மாத்திப் போடுங்க, கத்தல் நின்னுடும். உள்ளூர்ல சுத்தின டிரான்ஸ்ஃபார்மர்ல வயர் கலருக்கு ஒரு நியமமும் கெடையாது, அதனால பாதிக்குப் பாதி வாய்ப்பு, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

ட்ரெபிள் ஏத்தினா மட்டும் ஊளைன்னா வயர் ஓட்டம். டோன் பாட்டுக்குப் போற நீள வயர் எல்லாம் அழகா ஒண்ணா கட்டி டேக் போட்டிருப்பீங்க, அழகா இருக்கும், ஆனா அதுதான் வினை. ப்ளேட்ல இருந்து வர்ற வயரும் க்ரிட்டுக்குப் போற வயரும் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு ஓடக்கூடாது. மரக்குச்சி ஒண்ணை எடுத்துக்கிட்டு (காஞ்ச குச்சி, பென்சில் வேணாம், உள்ள கிராஃபைட் இருக்கு) ஓடும்போதே வயரை ஒவ்வொண்ணா நகத்திப் பாருங்க, எதை நகத்தினா ஊளை மாறுதோ அதுதான் குற்றவாளி. இன்புட் ஜாக்ல இருந்து க்ரிட்டுக்கு ஷீல்டு வயர் போடுங்க, ஷீல்டை ஒரு முனைல மட்டும் எர்த் பண்ணுங்க. 68கேயை ஜாக்ல வைக்காம ட்யூப் சாக்கெட் கால்லயே வைங்க.

## அறிகுறி: மூணு நாப் சேத்ததுக்கு அப்புறம் சத்தமே குறைஞ்சுபோச்சு

5எஃப்1ல டோன் நாப்பே கெடையாது, வால்யூம் ஒண்ணுதான். அதுல ஃபெண்டர் ஸ்டாக்கை நடுவுல சொருகினா சத்தம் கண்டிப்பா குறையும், அந்த ஸ்டாக்கோட குணமே தின்னுறதுதான், நடு சத்தத்துல சிக்னல் பத்துல ஒரு பங்குக்குப் பக்கம் இறங்கிடும். கோளாறுன்னு தேடாதீங்க.

செலவு கம்மியான வழி, மிட் 10கே பாட்டை எடுத்துட்டு 25கே பாட் வைங்க, மிட் நாப் இல்லாம 6.8கே ரெசிஸ்டர் போட்டிருந்தா அதை எடுத்துட்டு 15கே போடுங்க. நடு சத்தம் ஏறும், மொத்த சத்தமும் கூடின மாதிரி இருக்கும், மார்ஷல் வாடையும் கொஞ்சம் வரும். அதுவும் பத்தலன்னா சிக்னலைப் பெருக்க இன்னொரு ட்ரையோடு (12ஏஎக்ஸ்7க்குள்ள ரெண்டு இருக்கும்) சேக்கணும், அதுக்கு சேசிஸ்ல ஓட்டை போடணும், ஹீட்டர் கரெண்ட்டுக்கு பவர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்கணும் (12ஏஎக்ஸ்7 ஒண்ணு 6.3 வோல்ட்ல 0.3 ஆம்ப் எடுக்கும்). என்னைக் கேட்டா குட்டி ஆம்ப்புக்கு மூணு நாப் தேவையே இல்ல. ஒரு 1 மெக் பாட்டும் ஒரு 0.005 கண்டென்சரும் வெச்ச ஒத்தை டோன் நாப் போதும், சத்தத்தையும் அவ்வளவா தின்னாது.

## அறிகுறி: ஹம்

டோன் கோளாறு இல்லன்னாலும் எல்லாரும் கேக்குறதால சுருக்கமா. வால்யூமை 0 பண்ணினா போயிடுதுன்னா கோளாறு வால்யூமுக்கு முன்னாடி: இன்புட், மொத ட்யூப், எர்த். 0 பண்ணியும் இருக்குன்னா பின்னாடி: ஃபில்டர் கண்டென்சர் இல்ல பவர் ட்யூப். நம்ம கரெண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால தாழ்வா ம்ம்ம்னு வந்தா ஹீட்டர் வயர், எர்த் பக்கம் பாருங்க. அதுக்கு ஒரு ஸ்தாயி மேல கொஞ்சம் கரகரப்பா வந்தா 100 ஹெர்ட்ஸ், ஃபில்டர் கண்டென்சர். போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 50, 100 ரெண்டையும் ஹெட்ஃபோன்ல கேட்டு ஒப்பிட்டா சுலபம். ஹீட்டர் வயரை நல்லா முறுக்கி ஓட்டுங்க, நடு முனை இல்லாத டிரான்ஸ்ஃபார்மர்னா ரெண்டு 100 ஓம்ஸ் ரெசிஸ்டர் வெச்சு ரெண்டு பக்கத்தையும் எர்த் பண்ணுங்க.

ஹம் போகுதுன்னு ப்ளக்கோட மூணாவது பின்னை, அதாவது எர்த்தைக் கழட்டி விடுற வேலை மட்டும் வேணவே வேணாம். பழைய வீட்ல சுவர் சாக்கெட்லயே எர்த் இல்லாம இருக்கலாம், அப்படின்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை மொதல்ல சரி பண்ணுங்க. கிட்டார் கம்பி நேரா அந்த சேசிஸோடதான் சேந்திருக்கு, அதைத் தொட்டுக்கிட்டு நிக்கிறது நீங்கதான்.

## மெக்கானிக்கிட்ட தூக்கிட்டுப் போற கட்டம்

ஃப்யூஸ் ரெண்டாவது தடவையும் போனா, ப்ளேட் சிவந்தா, டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வார்னிஷ் கருகுற வாசம் வந்தா, சேசிஸைத் தொட்டா சுர்ருனு இருந்தா, அதுக்கு மேல நீங்க எதுவும் பாக்க வேணாம். பெரிய ஃப்யூஸ் போட்டுப் பாக்குறது, அலுமினியப் பேப்பர் சுத்துறது இதெல்லாம் கூடாது.

போகும்போது ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க: பி பிளஸ் (ஃபில்டர் கண்டென்சர்ல நிக்கிற டிசி) வோல்ட், பவர் ட்யூப் ப்ளேட், கேத்தோடு, க்ரிட், மொத ட்யூபோட ப்ளேட் ரெண்டும், கேத்தோடு ரெண்டும், நீங்க எந்த வரைபடத்தைப் பாத்து கட்டினீங்க, அதுல எதையெல்லாம் மாத்தினீங்க. கடைசியா சொன்னதை மறைக்காதீங்க. "ஒண்ணுமே மாத்தலண்ணே"ன்னு சொல்லிட்டு உள்ள திறந்தா டோன் ஸ்டாக்ல வரைபடத்துலயே இல்லாத கண்டென்சர் மூணு தொங்கும், அதை யாரு போட்டான்னு கண்டுபுடிக்கிறதுலயே ஒரு மணி நேரம் போயிடும், அந்த மணி நேரத்துக்கும் கூலி நீங்கதான் குடுக்கணும்.